குறைமாதக் குழந்தையின் எடை, உயரம், தலைச் சுற்றளவு: வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் வரை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கிற தோட்டங்களிலும் குழந்தை பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு மைலோ டின்னும் வாயில் ஒரு கருத்தும் இல்லாமல் வரமாட்டார்கள். நிறைமாதக் குழந்தையையே "கொஞ்சம் மெலிவா இருக்கே" என்பவர்கள், 28 வாரத்தில் பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து வந்த பிள்ளையைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா? பால் மாவை மாத்து, அந்த டானிக் வாங்கு, நாலு மாசத்துலேயே கஞ்சி ஊட்டு, பக்கத்து லயத்துப் பிள்ளை எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு பாரு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

என் மகள் 28 வாரத்தில் பிறந்தவள். இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் குறைமாதத்தில் பெற்றவர்கள் யாராவது என்னிடம் வந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் டாக்டர் முன்பே குறித்துச் சொன்ன பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள், ஒரு நாள் எடையைப் பார்த்துக் கலங்காமல் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், கொழுக்க வைக்க அவசரப்படாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

படி 1: வயதைச் சரியாக எண்ணுங்கள்

37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கு முன் என்றால் மிகக் குறைமாதம், 28 வாரத்துக்கும் முன் என்றால் அதைவிடச் சிக்கலானது. நான் இங்கே பேசுவது பெரும்பாலும் 32-க்குக் கீழே பிறந்த பிள்ளைகளைப் பற்றி. (ஏழு மாசத்துப் பிள்ளை தப்பிக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தப்பாது என்று இன்னும் சொல்கிற பாட்டிமார் உண்டு. அது பொய். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.)

இந்தக் குழந்தைகளுக்கு வயதை இரண்டு விதமாக எண்ணலாம். பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது ஒன்று. டாக்டர் சொன்ன பிரசவத் தேதியிலிருந்து, அதாவது 40 வாரம் முடிகிற நாளிலிருந்து எண்ணுவது இன்னொன்று. இரண்டாவதைத் திருத்திய வயது என்று வைத்துக்கொள்வோம். எடை, உயரம், தலை, குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு வயது வரை இந்தத் திருத்திய வயதில்தான் அளக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குச் சில டாக்டர்கள் மூன்று வயது வரைகூட இப்படியே பார்ப்பார்கள்.

கணக்கு எப்படி என்று ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பெண் குழந்தை 28 வாரத்தில், மார்ச் 5-ஆம் தேதி பிறக்கிறது. 40-இலிருந்து 28 போனால் 12 வாரம், அதாவது 84 நாள். அப்படியானால் டாக்டர் குறித்த பிரசவத் தேதி மே 28. செப்டம்பர் 5-ஆம் தேதி கிளினிக்குக்குப் போகும்போது பிறந்து ஆறு மாதம் ஆகியிருக்கும், ஆனால் திருத்திய வயது மூன்று மாதமும் ஒரு வாரமும்தான். அன்றைக்கு எடை 5 கிலோ என்று வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணையில் ஆறு மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 7.3 கிலோ, மிகக் கடுமையான எடைக்குறைவின் எல்லை 5.1. புள்ளியை அங்கே வைத்தால் குழந்தை சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடக்கும், உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதே 5 கிலோவை மூன்று மாதத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நடுக்கோடு 5.8, எடைக்குறைவு என்று சொல்வதற்கான எல்லை 4.5. குழந்தை வரம்புக்குள்தான் இருக்கிறது. அதே குழந்தை, அதே நாள், அதே தராசு. புள்ளி வைத்த இடம்தான் வேறு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கூட்டமாக இருக்கிற நாளில் கிளினிக்கில் புதிதாக வந்த மிஸ்ஸி (தாதி) பிறந்த தேதியை மட்டும் பார்த்துப் புள்ளி வைத்துவிடுவது நடக்கிறது. என் மகளுக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது, கூடவே "பிள்ளைக்குச் சாப்பாடே கொடுப்பதில்லையா" என்ற வசவும் கிடைத்தது. சண்டை போட வேண்டாம். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், மலாயில், எத்தனை வாரத்தில் பிறந்தது, பிரசவத் தேதி எது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். யார் திறந்தாலும் கண்ணில் படும்.

ஒரே ஒரு விதிவிலக்கு தடுப்பூசி. அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு. 2, 3, 5 மாதத்தில் போடுகிற ஊசிகளைக் குழந்தை சிறியது என்பதற்காக நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள், குறைமாதப் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.

படி 2: ஏன் சிறியதாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை கொழுப்பு, இரும்பு, கால்சியம், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் அம்மாவிடமிருந்து வாங்கிச் சேர்த்து வைக்கிறது. எலும்புக்கான கால்சியத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு அந்தக் காலத்தில்தான் சேருகிறது. 28 வாரத்தில் வெளியே வந்த பிள்ளை அந்தக் கையிருப்பு இல்லாமல் வருகிறது. அதோடு மூச்சு விடுவதற்கும் உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கும் தானே சக்தி செலவழிக்க வேண்டும், குடல் இன்னும் பழுக்காததால் முழுப் பால் ஏற்க நாளாகும், இடையில் கிருமித் தொற்று வந்தால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். அதனால் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலான பிள்ளைகள் நிறைமாதத்தில் பிறந்த குழந்தையைவிட எடையிலும் நீளத்திலும் பின்தங்கித்தான் இருக்கும். உங்கள் பாலில் குறை, உங்கள் ராசியில் குறை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 3: வார்டை விட்டு வரும்முன் கேட்க வேண்டியவை

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்திருப்பார்கள். வீட்டுக்கு விடுகிற அன்று சந்தோஷத்திலும் பதற்றத்திலும் எதையும் கேட்கத் தோன்றாது, அதனால் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிறந்தபோதும் இப்போதும் எடை, நீளம், தலைச் சுற்றளவு என்ன; பிறந்த வாரத்துக்கு ஏற்ற எடையோடு பிறந்ததா, அந்த வாரத்துக்கும் குறைவாகப் பிறந்ததா (இந்த இரண்டாவது கேள்வி பின்னால் முக்கியமாகும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்); தாய்ப்பாலில் சத்துப் பொடி கலந்து கொடுத்தார்களா, வீட்டிலும் அதைத் தொடர வேண்டுமா; இரும்பும் வைட்டமின் டி-யும் எத்தனை மில்லி; கண் விழித்திரைப் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடிந்ததா, அடுத்தது எப்போது; எந்த நிலைமையில் உடனே திரும்பி வர வேண்டும்.

நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்), காடி (கார்) இல்லாதவர்களுக்குப் போக்குவரத்துச் செலவுதான் அதைவிடப் பெரிது. ஆனாலும் அப்பாயின்மெண்ட்டை விடாதீர்கள். கண் பரிசோதனையை ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது, பார்வை போனால் திரும்ப வராது.

படி 4: அளப்பதைச் சரியாக அளங்கள்

தப்பாக அளந்த எண்ணைப் பார்த்து அழுத அம்மாக்கள் நிறைய பேர். எடை போடும்போது துணி, பேம்பர்ஸ், தொப்பி எல்லாம் கழற்ற வேண்டும், ஈரமான பேம்பர்ஸ் மட்டுமே 100 கிராமுக்கு மேல் காட்டும். முடிந்தவரை ஒரே தராசு, ஒரே நேரம், பால் கொடுப்பதற்கு முன். இரண்டு கிளினிக்கின் இரண்டு தராசுகளை ஒப்பிட்டு "எடை குறைஞ்சு போச்சு" என்று முடிவுக்கு வராதீர்கள். பழக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நீளத்தை இரண்டு வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையில் ஒட்டிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நேராக்கிப் பாதத்தில் பலகையை ஒட்டவைக்க வேண்டும். ஒரே மிஸ்ஸி ஒரு கையால் தலையையும் இன்னொரு கையால் டேப்பையும் பிடித்தால் 2 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ காட்டும், நீங்களே போய்த் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இரண்டு வயதில் நிற்க வைத்து அளக்க ஆரம்பிக்கும்போது உயரம் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைந்ததாகத் தெரியும். பிள்ளை சுருங்கவில்லை, படுத்தால் எல்லாருமே சற்று நீளம்தான்.

தலைச் சுற்றளவுக்கு இழுபடாத டேப் வேண்டும், தையல்கடைத் துணி டேப் நாளாக நாளாக இழுபட்டுவிடும். முன்பக்கம் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கத்தில் காதுக்கு மேலே, பின்பக்கம் தலை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே சுற்றி, முடி அமுங்குகிற அளவு இறுக்கி, மூன்று முறை அளந்து, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். இன்குபேட்டரில் பக்கவாட்டில் படுத்தே கிடந்த பிள்ளைகளுக்குத் தலை ஒடுங்கி நீளமாக இருக்கும். மாதங்கள் போகப் போக அது பெரும்பாலும் சரியாகிவிடும். உருண்டையாக்குகிறேன் என்று யாரும் கையால் அமுக்கிவிட வேண்டாம்.

படி 5: கோட்டைப் படியுங்கள்

பிரசவத் தேதி வரையிலும் அதைத் தாண்டிச் சில வாரங்களுக்கும் (கர்ப்ப வாரத்தையும் சேர்த்து எண்ணி 50 வாரம் வரை) ஃபென்டன் என்கிற குறைமாத அட்டவணையைப் பயன்படுத்துவார்கள். அதற்கப்புறம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான உலகச் சுகாதார நிறுவன அட்டவணைதான், திருத்திய வயதில்.

எவ்வளவு ஏற வேண்டும்? பிறந்த முதல் சில நாளில் எடை குறையும், சுமார் இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்கப்புறம் வார்டில் இருக்கும்போது உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 15 முதல் 20 கிராம் வரை எதிர்பார்ப்பார்கள், அதாவது ஒன்றரைக் கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 25 கிராம் மாதிரி. பிரசவத் தேதி தாண்டியதும் திருத்திய வயது மூன்று மாதம் வரை நாளுக்கு 20 முதல் 30 கிராம். அப்புறம் வேகம் குறையும், ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 10 கிராம் ஏறினாலே போதும். தலை, பிரசவத் தேதிக்கு அப்புறம் முதல் மூன்று மாதத்தில் மாதம் சுமார் 2 சென்டிமீட்டர் வளரும், அடுத்த மூன்று மாதத்தில் மாதம் 1, பிறகு அரை. தினமும் நிறுக்காதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும். முதலில் வாரம் ஒருமுறை, நிலையான பிறகு மாதம் ஒருமுறை போதும்.

பின்தங்கிய பிள்ளை நிறைமாதப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்கிற வளர்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு. பொதுவாகத் தலை முதலில் பிடிக்கும், அடுத்தது எடை, கடைசியாகத்தான் நீளம். முதல் வருடத்தில் தலை பெரிசாகவும் உடம்பு சின்னதாகவும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். எட்டிப் பிடிப்பதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்தில் நடந்துவிடும், அப்புறமும் மெல்ல மெல்லத் தொடரும். வாரத்துக்கு ஏற்ற எடைக்கும் குறைவாகப் பிறந்தவர்களுக்கு (படி 3-இல் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது) நான்கு வயது வரைகூட ஆகலாம்.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் பிள்ளை கீழேயிருந்து இரண்டாவது கோட்டில் ஏறிக்கொண்டு மூன்று மாதமாக அந்தக் கோட்டுக்கு இணையாகவே போகிறது என்றால், சிரிக்கிறது, விளையாடுகிறது, பேம்பர்ஸ் நன்றாக நனைகிறது என்றால், அந்தப் பிள்ளை வளர்கிறது. நடுக்கோட்டைத் தொட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எடை மட்டும் கோடு கோடாகத் தாவி நீளம் பின்தங்கினால் அது வளர்ச்சி இல்லை, கொழுப்பு. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகு ரத்த அழுத்தம் அதிகமாக வர வாய்ப்பு இருக்கிறது, நம் சமூகத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) ஏற்கனவே வீட்டுக்கு வீடு இருக்கிறது, குழந்தையிலேயே அதற்கு அடித்தளம் போட வேண்டாம். அதனால் எடையைத் தனியாகப் பார்க்காமல் நீளத்துக்கேற்ற எடை என்கிற பக்கத்தையும் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: பால்

தாய்ப்பால்தான் முதல். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப்போகும், பத்து நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிவிடும், அதைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும், ஆரம்பத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிக் கொடுங்கள், மிச்சத்தைக் கறந்து கரண்டியாலோ சின்னக் கப்பாலோ ஊட்டலாம். பத்தியம் என்ற பேரில் அம்மாவைத் தண்ணீர் குடிக்கவிடாமல், மீனும் கீரையும் பழமும் தொடவிடாமல் வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பால் ஊற வேண்டியவள் அவள்தான்.

வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு ஒரு கசப்பான கணக்கு. 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாள், அதாவது 14 வாரம். 28 வாரத்தில் பெற்றவளுக்கு அதில் 12 வாரம் பிரசவத் தேதி வருவதற்கு முன்பே, வார்டு வாசலிலேயே, தீர்ந்துவிடும். பிள்ளை உலகத்துக்கே வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வாரத்தில் அவள் காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்) நிற்க வேண்டும். அதனால் பிறந்த வாரமே கிராணியிடமோ (தோட்டத்துக் கணக்கர்) ஆபீசிலோ பேசி, ஆண்டு விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு எல்லாம் எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்டு வையுங்கள். வார்டில் பிள்ளை இருக்கும்போதே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்து பழகினால்தான் பின்னால் பால் நிற்காது. கறந்த பாலை வெளியே அதிகபட்சம் நாலு மணி நேரம், நம் வெயிலுக்கு அதற்கும் முன்னாலேயே கொடுத்துவிடுவது நல்லது. குளிர்பெட்டியின் உள்பக்கத்தில் நாலு நாள் வரை இருக்கும். ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விடுவதை முதல் சில மாதம் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஒரு சாதாரணச் சளி இந்தப் பிள்ளைகளை மறுபடி வார்டுக்கு அனுப்பிவிடும், அங்கே போனால் ஒரு மாதம் ஏறிய எடை ஒரு வாரத்தில் இறங்கிவிடும்.

மாவுப் பால்தான் என்று டாக்டர் சொன்னால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டின்னில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீர், அந்த அளவுக்கு மாவு, அவ்வளவுதான். டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை வயிறு நிறையக் குடித்தும் பட்டினி கிடக்கும், சீக்கிரம் ஏறட்டும் என்று மாவைக் கூட்டினால் சிறுநீரகமும் குடலும் தாங்காது. கொதித்து ஆறிய தண்ணீர் இன்னும் நல்ல சூட்டில், 70 டிகிரிக்குக் குறையாமல், இருக்கும்போதே மாவைக் கலக்கி அப்புறம் ஆறவைக்க வேண்டும். கலக்கி இரண்டு மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். கோப்பிக்கு ஊற்றுகிற இனிப்பு டின் பாலைக் குழந்தைப் பால் என்று நினைத்துப் புட்டியில் ஊற்றுகிற பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. அது சர்க்கரையும் எண்ணெயும்தான், வளரும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. மைலோவும் அப்படித்தான்.

நெஞ்சோடு வைத்துக்கொள்வதை இந்தப் படியிலேயே சேர்க்கிறேன், ஏனென்றால் அதுவும் எடை ஏற்றுகிற வேலைதான். கங்காரு முறை என்று சொல்வார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது, இப்போது உலகச் சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. பிள்ளைக்குப் பேம்பர்ஸும் தொப்பியும் மட்டும், உங்கள் வெற்று நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு கைலியையோ பத்திக் துணியையோ இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உடம்பு சூட்டுக்குச் செலவாகிற சக்தி மிச்சமாகும், பாலும் நன்றாக ஊறும். அப்பாவும் செய்யலாம். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு பார்ப்பார், இரண்டு பேருமே கோல் விழும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எண்ணெய் தேய்ப்பதைக் கேட்பார்கள். டாக்டர் தோல் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடவே கூடாது, மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் சிகரெட்டும் பல வாரம் ஆக்சிஜனில் இருந்த நுரையீரலுக்கு ஆகாது. உரை மருந்தும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தேன் ஒரு வயதுக்கு முன் யாருக்குமே வேண்டாம்.

படி 7: இரும்பும் வைட்டமின் டி-யும்

சின்ன விஷயம், ஆனால் பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம். கையிருப்பு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு இவை டானிக் அல்ல, மருந்து. இரும்பின் அளவை உடல் எடைக்குத் தகுந்தபடிதான் போடுவார்கள், ஆகவே 2 கிலோவில் எழுதிக் கொடுத்த சொட்டு 4 கிலோவில் பாதியாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் "இந்த எடைக்கு இந்த அளவு சரியா" என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், நிறுத்த வேண்டாம். மருந்துப் புட்டியை மாற்றினால் அடர்த்தி மாறலாம், பழைய ஊசிக்குழாய்க் கணக்கை அப்படியே பின்பற்றாதீர்கள்.

படி 8: சோறு ஊட்டுவது

பெரும்பாலும் திருத்திய வயது ஆறு மாதத்தை ஒட்டி ஆரம்பிக்கச் சொல்வார்கள், சில பிள்ளைகளுக்குச் சற்று முன்னாலும் சரிப்படும். தேதியைவிட அடையாளங்களைப் பாருங்கள்: தலை நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, கரண்டியைக் கண்டால் வாய் திறக்கிறதா, நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா. பிறந்து நாலு மாசம் ஆயிடுச்சே என்று திருத்திய வயது ஒரு மாதப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவது ஆபத்து, புரையேறும்.

முதல் கஞ்சியே வெறும் கஞ்சித் தண்ணீராக இருக்கக் கூடாது. சின்ன வயிறு, அதில் தண்ணீரை நிரப்பினால் சத்துக்கு இடமில்லை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதத்தில் அரிசியும் மைசூர் பருப்பும் குழைய வேகவைத்து மசித்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுங்கள். இரும்புக்குக் கோழி ஈரல், முட்டை மஞ்சள் கரு, இறைச்சி. மீனுக்கு விலை அதிகமானது தேவையில்லை, பாசாரில் கிடைக்கிற கெம்போங் மீனே நல்ல கொழுப்பு உள்ள மீன், முள் எடுத்து மசித்தால் போதும். லயத்துப் பின்னால் வளர்கிற முருங்கைக்கீரை, பூசணி, தௌஃபு (சோயாக் கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா) எல்லாம் ஒன்றொன்றாகச் சேருங்கள். நெத்திலியை ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும். மாதக்கணக்கில் குழாயில் பால் போன பிள்ளைகள் கரண்டியைக் கண்டாலே குமட்டும், அது அடம் இல்லை, வாய்க்குள் எது போனாலும் பயம். கையில் கொடுத்து அளைய விடுங்கள், சட்டை பாழாகட்டும், வாயைப் பிடித்துத் திணிக்காதீர்கள்.

வீட்டில் வருமானம் குறைவு, பிள்ளையின் எடையும் குறைவு என்றால் மிஸ்ஸியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எடை குறைந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உணவுக்கூடை கொடுக்கிற திட்டம் சுகாதார அமைச்சில் 1989-இலிருந்தே இருக்கிறது. கேட்காமல் வராது.

படி 9: கோடு படுத்துவிட்டால்

சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். மூச்சு வேகமாக வாங்குகிற பிள்ளைக்கு அந்த வேலைக்கே சக்தி போய்விடும். ரத்தசோகை இருந்தால் பால் குடிக்கும்போதே களைத்துப்போகும். எதுக்களிப்பு, விழுங்குவதில் சிரமம், இருதயத்தில் கோளாறு, திரும்பத் திரும்பத் தொற்று, ஏன், தப்பாகக் கலக்கிய பால்கூட இருக்கலாம். முதல் மூன்று மாதத்தில் ஒரு வாரம் முழுக்க எடை ஏறவே இல்லை என்றால் அடுத்த அப்பாயின்மெண்ட்டுக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

சிலவற்றுக்கு அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிதான்: பச்சை நிறத்தில் வாந்தி, உதடு நீலமாவது, மூச்சு இடையில் நிற்பது, விலா உள்வாங்கி மூச்சு விடுவது, பால் பாதிக்கும் கீழே குறைவது, 38 டிகிரி காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது. தலை திடீரென்று வேகமாகப் பெருத்து, உச்சிக்குழி புடைத்து, கண் கீழ்நோக்கியே நின்றால் மூளையில் நீர் சேர்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தலை வளராமல் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், எடை ஏறுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

படி 10: இரண்டு வயதிலிருந்து பள்ளி வரை

திருத்திய வயதை விட்டுவிடுகிற காலம் இது. இப்போது பார்க்க வேண்டியது உயரம். பிள்ளை குட்டை என்று கவலைப்படுவதற்கு முன் உங்கள் இரண்டு பேர் உயரத்தையும் கூட்டுங்கள், மகன் என்றால் 13 சேருங்கள், மகள் என்றால் 13 கழியுங்கள், பாதியாக்குங்கள். அப்பா 168 சென்டிமீட்டர், அம்மா 155 என்றால் மகனுக்கு 168, மகளுக்கு 155 வரும், அதில் 8 வரை கூடவோ குறையவோ செய்யலாம். ஆறடி அப்பா இல்லாத வீட்டில் ஆறடிப் பிள்ளையை எதிர்பார்த்து டானிக் வாங்காதீர்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்கள் பெரியவர்களாகும்போது சராசரியாகச் சில சென்டிமீட்டர் குட்டையாக இருப்பது உண்மைதான். 1995-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்துக்கு முன் பிறந்தவர்களை 19 வயது வரை தொடர்ந்து பார்த்ததில் அப்படித்தான் தெரிந்தது. அது நோய் இல்லை.

ஆனால் வாரத்துக்கும் குறைந்த எடையோடு பிறந்து, நான்கு வயதாகியும் உயரம் கடைசிக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிற பிள்ளையைக் குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணரிடம் காட்ட வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி சிலருக்குப் பொருந்தும், தினமும் போடுவது, வருடக்கணக்கில் போவது, அவர்தான் முடிவு செய்வார். கடையில் உயரத்துக்கு என்று விற்கிற பொடிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பல்லைப் பற்றி யாரும் சொல்வதில்லை. முளைக்கத் தாமதமாகும், முளைத்த பல்லில் எனாமல் மெலிந்து மஞ்சளாகவோ குழிகுழியாகவோ இருக்கலாம், சீக்கிரம் சொத்தையாகும். முதல் பல்லிலிருந்தே தேய்த்துவிட்டு, புட்டியோடு தூங்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒரு வயதுவாக்கில் பல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், குழந்தைக்கு எதற்கு என்பார்கள், குறைமாதத்தில் பிறந்தது என்று சொன்னால் பார்ப்பார்கள்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். இங்கே சேர்க்கை பிறந்த ஆண்டை வைத்துத்தான். பிப்ரவரியில் பிறக்க வேண்டியது நவம்பரிலேயே வந்துவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு வருடம் முன்னதாகவே பள்ளிக்குப் போகும், வகுப்பிலேயே சின்னதாக, தன்னைவிடப் பத்து மாதம் மூத்த பிள்ளைகளோடு உட்காரும். வரிசையில் முதலாவதாக நிற்கிறதே, புத்தகப்பை முதுகைவிடப் பெரிசாக இருக்கிறதே என்று அப்போது கவலைப்படுவதைவிட, பாலர் பள்ளியிலேயே ஆசிரியரிடம் எத்தனை வாரத்தில் பிறந்தது என்று சொல்லி வைத்து, பேச்சோ நடையோ கையெழுத்தோ பின்தங்குகிறதா என்று ஒரு கண் வைத்திருக்கச் சொல்லுங்கள். வார்டில் கொடுத்த தாள்களின் நகல் ஒன்றைப் பதிவுப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருங்கள், பள்ளியில் மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.